பழைய பந்தயக் காரும் மாறாத மரபும்

தில்லையடியில் வாழ்வோர்க்கு இரும்பின் நிலையாமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. களப்பிலிருந்து வீசும் உவர்க்காற்று, வாசலிற் சார்த்திய துவிச்சக்கர வண்டியைச் சில ஆண்டுகளில் தின்றுவிடும். ஆதலின், தொண்ணூறாண்டு கடந்த பந்தயக் கார்கள் உலகில் இன்றும் உள்ளன என்று நாம் வகுப்பிற் கூறியபோது, மாணவனொருவன் எழுந்து, “உறுப்புக்களையெல்லாம் மாற்றிய பின்னும் அது பழைய கார் ஆகுமோ, ஐயா?” என்று வினவினான். நல்ல வினா. இங்கிலாந்தின் உயர் நீதிமன்றமே ஒருமுறை ஆராய்ந்த வினா அது.

பிரான்சு நாட்டு லெ மான் நகரில் இருபத்துநான்கு மணி நேரம் இடையறாது நிகழும் பந்தயத்தில் பென்ட்லி கார்கள் 1924ஆம் ஆண்டிலும், 1927 முதல் 1930 வரை ஆண்டுதோறும் வாகை சூடின. அவற்றுள் ‘பழைய முதலாம் இலக்கம்’ என்னும் பெயர் பெற்ற கார் 1929, 1930 ஆகிய ஈராண்டும் முதலிடம் பெற்றது. வூல்ஃப் பார்னாட்டோ என்பவர் இருமுறையும் அதனைச் செலுத்தியோருள் ஒருவர். பின்னர் அதற்குப் பெரிய எந்திரம் பூட்டப்பெற்றது. 1932இல் புரூக்லண்ட்ஸ் பந்தயத் திடலில் நேர்ந்த விபத்தில் அதனைச் செலுத்திய கிளைவ் டன்ஃபீ உயிர்நீத்தார். அதன்பின் கார் மீண்டும் புதுக்கப்பட்டது.

1990இல் அதனை ஒரு கோடிப் பவுண் மதிப்பில் வாங்க உடன்பட்டோர், வென்ற காரின் உறுப்புக்கள் இதிலில்லை எனக் கூறிப் பின்வாங்கினர். பெரும்பொருள் கொடுப்போர் வென்ற இரும்பையே வேண்டுதல் இயல்பேயாம். வழக்கை ஆய்ந்த நீதிபதி ஓட்டன், 1929ஆம் ஆண்டின் உறுப்புக்கள் மிகச் சிலவே எஞ்சியுள்ளமையை மறைக்கவில்லை. அதனை ‘மூல வடிவம்’ என்று புகழவுமில்லை. ஆயினும், புதிய உறுப்புக்கள் படிப்படியாக அக்காருடன் ஒன்றாயின. அதன் வரலாறு ஓரிடத்தும் அறுபடவில்லை. ஆதலின் இதுவே அந்தக் கார் எனத் தீர்ப்பளித்தார்.

அத்தீர்ப்பு எமக்கு முற்றும் உடன்பாடு. தமிழாசிரியராகிய நாம் பிறிதோர் முடிவுக்கு வருதலும் இயலாது. 1887இல் சிறுப்பிட்டிச் சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையை அச்சேற்றியபோது அவர் கையிலிருந்த ஏடு எதுவும் புலவர் தம் கைப்பட எழுதியதன்று. செல்லரித்த ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதியோரின் உழைப்பாலேயே நூல் நம்மிடம் வந்தது. ஓலை மாறிற்று, நூல் மாறவில்லை. ஆனால் ஏடெழுதுவோன் தன் சொந்த வரியைப் பழைய வரிபோற் புகுத்துவானாயின் அது மரபன்று, களவு. பழைய இலக்கத் தகட்டைப் புதிய காரிற் பொருத்தி விற்போன் செய்வதும் அதுவே. மாற்றுதல் குற்றமன்று, மாற்றியதை மறைத்தலே குற்றம்.

நம் நாட்டிற்கும் இத்துறையில் மரபுண்டு. நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் பந்தயம் 1934இல் தொடங்கியது. பழைய வாகனங்களை நம் கராச்சுகளிலுள்ளோர் ஓடவைத்த திறமும் சிறிதன்று. 2020 முதல் 2025 வரை வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்த காலத்தில், கிடையாத உறுப்பைத் தம் கையாலேயே கடைந்து பொருத்தியோர் பலர். அவ்வித்தை அவர்தம் விரல்களில் உளது, தாளில் இல்லை. அம்முதியோர் மறையின் அதுவும் உடன் மறையும்.

எனவே எமது வேண்டுகோள் இது: பழைய கார் வைத்திருப்போர் எந்த உறுப்பு, எந்த ஆண்டில், எவர் கையால் மாற்றப்பட்டது என்பதை எழுதி வைக்க. மாணவர் கொப்பியும் பேனையுமாகக் கராச்சுக்குச் சென்று முதிய திருத்துநரிடம் கேட்டெழுதுக. கண்ணாடி அறையிற் பூட்டி வைத்த காரினும், உண்மை வரலாறு எழுதப்பெற்று ஓடும் காரே மரபு காப்பதாகும்.

விழாக் காணும் எமது கல்லூரியும் அத்தகையதே. கூரை மாறியது; வாங்கு மாறியது; ஆசிரியரும் மாணவரும் மாறினர். எனினும் இது அக்கல்லூரியே என்று துணிந்து கூறுகின்றோம். அதற்குச் சான்று சுவரன்று. சம்பவத் திரட்டுப் புத்தகமும், இம்மலரும், பழைய மாணவர்தம் நினைவுமேயாம். அந்நினைவுகளை எழுதி அனுப்புக, அறாது தொடர்க!