வளைபாதமும் காலணிச் சட்டமும்

பிறவியிலேயே பாதம் உள்நோக்கித் திரும்பி, குதிகால் மேலெழுந்து காணப்படும் குறைபாடு வளைபாதம் எனப்படும். ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளுள் ஒன்றுக்கு இது நேர்கிறது. குதிகாலுக்குப் பின்னுள்ள குதிநாணும், கணுக்காலின் உட்புறத் தசைநாண்களும் குறுகி இறுகியிருத்தல் இதன் இயல்பு.

அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டாக்டர் இக்னாசியோ பொன்சேட்டி வகுத்து, 1963ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை இன்று உலகெங்கும் கையாளப்படுகிறது. பாதத்தை மெல்ல மெல்லத் திருத்தி, வாரந்தோறும் மாவுக் கட்டு மாற்றப்படுகிறது. ஐந்தாறு கட்டுகளில் கோணல் பெரும்பாலும் நீங்குகிறது. பின்னர்ப் பெரும்பாலான குழந்தைகளுக்குக் குதிநாண் சிறு கீறலின் வழியே துண்டிக்கப்படுகிறது. மூன்று வாரக் கட்டினுள் அது நீண்டு, மீண்டும் இணைந்துவிடுகிறது.

சிகிச்சை இத்துடன் முடிந்ததெனக் கருதுவோர் பலர். உண்மையில் அதன் நீண்ட பகுதி இனிமேல்தான் தொடங்குகிறது. ஒரு சட்டத்தின் இரு முனைகளிலும் பொருத்திய காலணிகளைக் குழந்தை முதல் மூன்று மாதம் நாளொன்றுக்கு 23 மணி நேரமும், பின்னர் நான்கு அல்லது ஐந்து வயது வரை உறங்கும் வேளைகளிலும் அணிதல் வேண்டும். குறையுற்றிருந்த பாதம் அதனால் 60 முதல் 70 பாகை வரை வெளிநோக்கி நிறுத்தப்படுகிறது. தசைநாண்கள் மீண்டும் இறுகும் போக்கு அவ்வாண்டுகளில் அகலுவதில்லை. குறை மீள்வதற்கு முதன்மையான காரணம் சட்டத்தைக் கைவிடுதலே.

இதனைத் தாயின் கவனக்குறைவு என்று கூறிவிடுதல் நியாயமாகாது. குழந்தையின் பாதம் வளர்கிறது, காலணி வளருவதில்லை. புதிய காலணிக்காக மாவட்டத் தலைநகருக்குச் செல்லும் கூலித் தொழிலாளி ஒரு நாள் ஊதியத்தை இழக்கிறார். அளவு பொருந்தாத காலணி குதிகாலைப் புண்ணாக்குகிறது. ஓடியாடும் குழந்தைக்கு இவ்விலங்கு எதற்கு என்று வீட்டு முதியோர் வினவுகின்றனர். இத்தனைக்கும் விடை கூறவேண்டியவள் தாய் ஒருத்தியே.

2013ஆம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய தேசியக் குழந்தைகள் சுகாதாரத் திட்டத்தில் வளைபாதமும் இடம்பெற்றுள்ளது. பிறந்த குழந்தைகளை ஆஷா பணியாளர் வீட்டிலேயே பார்வையிடுகின்றனர். குறையைக் கண்டறிய ஏற்பாடு இருக்கையில், திருத்திய பாதத்தைக் காக்கவும் ஏற்பாடு வேண்டாமா? அடுத்த அளவுக் காலணி, பழையது சிறுக்குமுன்பே, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைத்தல் வேண்டும். பணியாளரின் வருகை சட்டம் அணியும் ஆண்டுகள் முழுவதும் தொடர்தல் வேண்டும். ஐந்தாம் வயதில் நேராக நிற்கும் பாதங்கள் எத்தனை என்பதையும் பதிவேடுகள் காட்டுதல் வேண்டும்.

விரிவான அறுவையால் நேராக்கிய பாதம் பிற்காலத்தில் விறைத்து வலிப்பதுண்டு. அத்துன்பத்தோடு ஒப்பிடுகையில் ஓர் இணைக் காலணியின் விலை மிகச் சிறிது. அது உரிய காலத்தில் உரிய குழந்தையைச் சென்றடையச் செய்வது நிருவாகத்தின் கடமையாகும்.