பச்சைப் புள்ளி கேட்காத கேள்வி

குரோம்பேட்டை என்ற பெயருக்குள்ளேயே தோல் இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் குரோமிய உப்பைக் கொண்டு தோல் பதனிடும் சோதனைகளை நடத்தினார். கிணற்றிலிருந்து நீரிறைக்கும் கவலைச் சால்களுக்கு எளிதில் அழுகாத தோல் வேண்டும் என்பது அன்றைய தேவைகளுள் ஒன்று. அம்முயற்சிகளின் தொடர்ச்சியாகப் பல்லாவரத்தில் எழுந்த குரோம் லெதர் கம்பெனிதான் பக்கத்து ஊருக்கும் அதன் ரயில் நிலையத்துக்கும் பெயர் கொடுத்தது. தாம்பரத்திலிருந்து கடற்கரை நிலையத்துக்கு நாள்தோறும் போய்வருவோரில் இதை நினைப்பவர் சிலரே.

இன்று இதே புறநகரின் செல்லப்பிராணிக் கடைகளில் எலும்பு வடிவில் முடிச்சிட்ட வெண்ணிறப் பண்டம் ஒன்று தொங்குகிறது. நாய் கடித்து விளையாடுவதற்கான அது, சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் நீக்கிய மாட்டுத் தோலின் உள்ளடுக்கு. பதனிடும் ஆலை காலணிக்கு மேலடுக்கை எடுத்துக்கொள்கிறது. மீதி வேறு வேறு பெயர்களில் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. தோலின் ஓரத்துணுக்குகளும் எலும்பும் ஜெலட்டினாகி மாத்திரைக் கூட்டுக்குள் புகுகின்றன. தோலில் ஒட்டிய சவ்விலிருந்து பசை கிடைக்கிறது. கொழுப்பு சோப்புக்கும், எலும்புத் தூள் தோட்டத்து ரோஜாவுக்கும் போகின்றன. ‘சைவர்களுக்கு மட்டும்’ என்று வாடகைப் பலகை மாட்டிய வீட்டின் மருந்துப் பெட்டியில் ஜெலட்டின் உண்டு. அவ்வீட்டு நாயின் வாயிலோ மாட்டுத் தோலே உண்டு. அவ்வீட்டாரைக் கேலி செய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. அப்பலகையால் வீடு மறுக்கப்படுவது யாருக்கு என்பது நாம் அறிந்ததே.

பொட்டலத்தில் அடைத்த உணவுக்குப் பச்சைப் புள்ளியும் பழுப்புக் குறியும் சட்டப்படி கட்டாயம். 2021 டிசம்பரில் டெல்லி உயர்நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. உணவில் சேரும் ஒவ்வொரு பொருளும் தாவரத்திலிருந்து வந்ததா, விலங்கிலிருந்து வந்ததா, ஆய்வகத்தில் உருவானதா என்பதை உற்பத்தியாளர் முழுமையாக அறிவிக்க வேண்டும் என்று ஆணையிட்டது. உண்பவருக்குத் தான் உண்பதை அறியும் உரிமை உண்டு. அதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அந்தப் புள்ளி விலங்கை மட்டுமே கேட்கிறது. தோலை உரித்த கை, சுண்ணாம்புக் குழியில் இறங்கிய கால், அவற்றுக்குக் கிடைத்த கூலி ஆகியவற்றைக் கேட்பதில்லை. நுகர்வோரின் தூய்மை உரிமையாகிவிட்டது. தொழிலாளரின் உடல் இன்னும் உரிமையாகவில்லை.

இந்த மறைப்பு சந்தையோடு நிற்பதில்லை. மிருதங்கத்துக்கு மாடு, எருமை, ஆடு மூன்றின் தோலும் வேண்டும். அதைச் செய்யும் தலித் கிறித்தவக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய நூலின் வெளியீட்டுக்கு முதலில் அரங்கம் தர இசைந்த திருவான்மியூர் கலாக்ஷேத்ரா, 2020 ஜனவரியில் அந்த இசைவைத் திரும்பப் பெற்றது. மேடையில் ஒலிக்கும் தோலுக்கு அங்கே தடையில்லை. அத்தோலைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லாமல் போனது.

சட்டமும் வன்முறையும் இதே திசையில்தான் நகர்ந்தன. 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில் செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்கள் கட்டிவைத்து அடிக்கப்பட்டனர். அதை எதிர்த்து சுரேந்திரநகரில் மாட்டுச் சடலங்களை அரசு அலுவலகத்தின் முன் கொண்டுவந்து போட்டார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் ஒன்றிய அரசு, சந்தைகளில் மாடுகளை இறைச்சிக்காக விற்பதைத் தடுக்கும் விதிகளை அறிவித்தது. சில நாட்களிலேயே உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவற்றுக்கு இடைக்காலத் தடை விதித்தது. மாட்டைக் காக்கப் புறப்பட்டவர்கள் நாய்க்கடியெலும்பையோ மாத்திரைக் கூட்டையோ மறித்ததாக நாம் கேள்விப்படவில்லை. அவர்கள் மறிப்பது லாரியையும் உரிப்பவரையும்தான்.

நம் பக்கத்திலும் ஒரு பழைய விவாதம் இருக்கிறது. 1927 மகாட் மாநாட்டில் செத்த மாட்டின் இறைச்சியைக் கைவிடுமாறு அம்பேத்கர் கூறினார். சடலம் அகற்றும் வேலையை மறுத்ததும் அவ்வியக்கத்தின் பகுதியே. அப்படியானால் தோல் தொழிலாளருக்காக நாம் ஏன் பேச வேண்டும் என்று சில மாணவர்கள் கேட்கிறார்கள். இழிவை மறுப்பது வேறு, ஊதியத்தைக் கோருவது வேறு என்பதே என் விடை. கூலியின்றிக் கடமையாகச் சுமத்தப்பட்ட வேலையை மறுத்தது விடுதலை. அதே வேலை ஆலையாகவும் ஏற்றுமதியாகவும் மாறியபோது லாபம் வேறு கைகளுக்குப் போனது. துர்நாற்றமும் நோயும் சேரியிலேயே தங்கின.

நாகல்கேணி, பம்மல் பகுதி மக்களுக்கு இது நிலத்தடி நீரின் கதையும்கூட. 1996 ஆகஸ்ட் 28இல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை ஏற்று, ஐந்து மாவட்டத் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்தது. பல்லாவரம் அன்றிருந்த செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமும் அவற்றுள் ஒன்று. அதற்குப் பிறகும், 2015 ஜனவரி 31இல் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் புதைந்து இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். பழைய சேரியின் வேலை இப்போது புலம்பெயர்ந்தோரின் தோளுக்கும் மாறிக்கொண்டிருக்கிறது.

2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சிக்குள் இன்று பல்லாவரமும் பம்மலும் அடங்கும். அதன் மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கென ஒதுக்கப்பட்டது. அந்த மன்றத்தின் முன் வைக்க வேண்டியவை பெரிய கோரிக்கைகள் அல்ல: தோல் ஆலைகளைச் சுற்றியுள்ள தெருக்களின் கிணற்று நீரில் குரோமியத்தின் அளவை ஆண்டுதோறும் சோதித்து வார்டு வாரியாக வெளியிடுவது, ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட அனைவரின் பெயர்ப் பட்டியலையும், கையுறை, காலணி, மருத்துவப் பரிசோதனை ஆகியவை கிடைக்கின்றனவா என்பதையும் தொழிலாளர் துறையிடம் கேட்டுப் பெறுவது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு அனுப்பப் பத்து ரூபாய் போதும். குரோம்பேட்டையிலும் தாம்பரத்திலும் படிக்கும் மாணவர்கள் இந்த வாரமே அதைத் தொடங்கலாம்.