வாய்க்கால் எங்கே?

தெருவுக்குத் தாரும் கடைக்கு மாடியும் வந்தால் நீர்வேலி வளர்ந்துவிட்டதென முழங்குகின்றனர். தோட்டக்காரரே, நம் வாழையின் உயிர் தாரிலா இருக்கிறது? கிணற்றில் அன்றோ! ஆறில்லாக் குடாநாட்டில், மாரிமழை சுண்ணக்கல்லுள் இறங்கித் தேங்கும் நன்னீரே நம் முதல். அளவின்றி இறைத்தால் உவர் மேலேறும். அளவின்றி உரமிட்டால் நைத்திரேற்று குடிநீரிற் கலக்கும். இது நாம் காக்கவேண்டிய வரம்பு.

அரசின் கடன் யாது? உப்பாற்றை நன்னீராக்கும் திட்டத்தைப் பொறியியலாளர் ஆறுமுகம் 1954இல் வகுத்தளித்தார். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் உள்ளன. ஆனையிறவு நீரைக் கொணரவேண்டிய முள்ளியான் வாய்க்காலோ 70 ஆண்டு கடந்தும் முற்றுப்பெறவில்லை! ஆட்சிகள் மாறின, வாக்குறுதிகள் மாறவில்லை.

கற்றோரே, உழவரே! வாக்குக் கேட்டு வருவோரிடம் மாலைக்கு முன் இதனைக் கேளுங்கள்: வாய்க்கால் எங்கே?