காபி மேல பழி போடாதீங்க, கடிகாரத்தைப் பாருங்க

காபியைப் பத்தி நம்ம ஊர்ல ரெண்டு கட்சி. ஒண்ணு, "காபி விஷம், விட்டுடு" கட்சி. இன்னொண்ணு, "காபி குடிச்சா ஆயுசு கூடும்னு வெள்ளைக்காரனே சொல்லிட்டான்" கட்சி. ரெண்டு பேருமே ஜல்லி அடிக்கிறாங்க என்பது என் கட்சி.

முதல்ல விஷக் கட்சி. காபியால புற்றுநோய் வரும்னு இன்னும் பயமுறுத்துறாங்க. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1991-ல காபியைச் சந்தேகப் பட்டியல்ல வெச்சது உண்மைதான். ஆனா 2016-ல, போதுமான ஆதாரம் இல்லைன்னு அதே அமைப்பு எடுத்துடுச்சு. அப்போ புதுசா மாட்டினது எது தெரியுமா? 65 டிகிரிக்கு மேல சூடா குடிக்கிற எந்தப் பானமும்! பச்சைத்தண்ணியைக் கொதிக்கக் கொதிக்கக் குடிச்சாலும் இதே கதைதான்.

அடுத்து அமிர்தக் கட்சி. காபி குடிக்கிறவங்க கூடுதல் நாள் வாழ்றாங்கன்னா, காபியாலதான் வாழ்றாங்கன்னு அர்த்தமா? பி.காம்ல புள்ளியியல் பேப்பர் எழுதின நாமளே இப்படி ஏமாறலாமா? அதுவும் இல்லாம, நம்ம டம்ளர்ல இருக்கறது காபி மட்டுமா? காபி-சிக்கரி கலவையில 49 சதவீதம் வரைக்கும் சிக்கரி இருக்கலாம்னு சட்டமே சொல்லுது. சர்க்கரைக்கு வாங்க. டம்ளருக்கு ரெண்டு ஸ்பூன், நாளைக்கு நாலு டம்ளர்னா எட்டு ஸ்பூன். சுமார் 32 கிராம். 25 கிராமுக்குள்ள இருந்தா நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2015-லயே சொல்லியாச்சு. வரவு செலவு இடிக்குதே?

இப்ப நிஜமான விஷயம். ரெண்டு கட்சியும் பேசாதது. இட்லியோ கீரையோ சாப்பிட்டதும் காபி குடிச்சா, அதுல இருக்கற பாலிபீனால்கள் சாப்பாட்டு இரும்புச்சத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். உடம்புல சரியா சேராது. அதனாலதான் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 வழிகாட்டியில, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னயும் பின்னயும் காபி, டீ வேண்டாம்னு சொல்லுது. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுல 15 முதல் 49 வயசுப் பெண்கள்ல பாதிக்கு மேல ரத்தசோகை. நம்ம வகுப்புலயும் "எனக்கு டிபன் வேணாம், காபி போதும்"னு ஓடி வர்றவங்க எத்தனை பேர்! சத்து மாத்திரையையே காபியில முழுங்குற ஆளுங்களையும் பார்த்தாச்சு. பசியை அமுக்கிட்டு சத்தையும் தடுத்தா, மூணாவது பீரியட்ல தலை சுத்தாம என்ன செய்யும்?

பரீட்சைக்கு முந்தின ராத்திரி ஃபிளாஸ்க் நிறைய காபி வெச்சுக்கிறவங்களுக்கும் ஒண்ணு. காஃபின்ல பாதி வெளியேறவே சராசரியா அஞ்சு மணி நேரம் ஆகும். பத்து மணிக்குக் குடிச்சது மூணு மணிக்கும் பாதி உள்ளேயே இருக்கும். காலையில வினாத்தாளைப் பார்த்து முழிக்கிறது அதோட வட்டி.

காபியை விடுங்கன்னு நான் சொல்லலை, சொன்னா எங்க வீட்லயே சேர்க்க மாட்டாங்க :) ரெண்டு டம்ளர், சர்க்கரை பாதி, ஆவி கொஞ்சம் அடங்கினதும், டிபன் முடிஞ்சு ஒரு மணி நேரம் கழிச்சு. டிபனுக்குப் பதிலா மட்டும் வேண்டவே வேண்டாம். மறுக்கறவங்க வாங்க, சண்டை போடலாம். சாப்பிட்டுட்டு வாங்க.