அக்காவுக்குப் புரியுமா?

பெர்க்‌ஷயர் ஹாத்வே நிறுவனத்தின் ஆண்டறிக்கையை எழுதிவந்த காலத்தில், அக்கா டோரிஸும் தங்கை பெர்ட்டியும் எதிரில் இருப்பதாக நினைத்துக்கொள்வாராம் வாரன் பஃபெட். இருவரும் புத்திசாலிகள், ஆனால், கணக்கு வழக்கில் நிபுணர்கள் அல்ல. அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 1998-ல் வெளியிட்ட எளிய ஆங்கிலக் கையேட்டின் முன்னுரையில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். 40 ஆண்டுகளுக்கும் மேலாக நிறுவன அறிக்கைகளைப் படித்த அவருக்கே பல அறிக்கைகள் விளங்கவில்லையாம்!

'டைம்லைனை ரீஅலைன் செய்கிறோம்' என்றால், பணம் போட்டவர் தலையாட்டிவிட்டுப் போவார். 'வேலை முடிய இரண்டு மாதம் தாமதமாகும்; செலவும் கூடும்' என்றால்தான் கேள்வி கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பல நேரங்களில் வார்த்தைகள் கடினமாகின்றன. அடுத்த மெயிலை அனுப்பும் முன், வீட்டில் யாருக்காவது வாசித்துக் காட்டுங்கள்!