பினாயில் வாடைக்குப் பெயர் சுத்தமா?

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தில் எழுதுகிறேன். பொறுத்துக்கொண்டு கடைசி வரை படியுங்கள்.

நேற்று எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு டிப்ஸ் வந்தது. "நாய், பூனை வளர்க்கும் வீட்டில் வாடை வருகிறதா? கருப்பு பினாயிலைத் தண்ணீர் கலக்காமல் மூலைக்கு மூலை ஊற்றுங்கள். இரண்டு நாளைக்கு வாடையே இருக்காது." இதற்கு வரிசையாகக் கட்டைவிரல்கள். "தயவுசெய்து செய்யாதீர்கள், பூனைக்கு இது விஷம்" என்று எழுதினேன். உடனே பதில் வந்தது: "அத்தை ரிட்டயர் ஆகியும் பாடம் நடத்துறதை விடல." கூடவே கண்ணீர் வரச் சிரிக்கும் எமோஜி. சரி, பாடம்தான். நடத்தியே விடுகிறேன்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். என்னிடம் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். இன்ஸ்பெக்‌ஷன் என்றால் முந்தின நாளே லேபிலும் வராண்டாவிலும் பினாயில் தெளிக்கச் சொல்வேன். அந்த நெடி மூக்கில் ஏறினால்தான் "ம், இப்போ சுத்தம்" என்பேன். கெமிஸ்ட்ரி டீச்சரே உங்களுக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தேன். நெடி என்பது ஒரு பொருள் ஆவியாகி மூக்குக்கு வருகிறது என்பதற்கு மட்டுமே அடையாளம். அழுக்கு போனதற்கு அது சாட்சி கிடையாது.

அந்தத் தப்புக்கு விலை கொடுத்தது எங்கள் வீட்டுப் பூனை. ரிட்டயர் ஆன அடுத்த வருடம், வீட்டில் ஒரு விசேஷம். சொந்தக்காரர்கள் வருவதற்குள் பூனை வாடை போகட்டும் என்று கூடம் முழுக்கக் கருப்பு பினாயில் போட்டுத் துடைத்தோம். அது ஈரத் தரையில் நடந்தது, ஓரமாக உட்கார்ந்து காலை நக்கியது. சாயங்காலம் வாயில் எச்சில் வழிந்தது, நடை தள்ளாடியது. எலி மருந்து வைத்துவிட்டார் என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போனேன். கால்நடை மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "தரையை எதுல துடைச்சீங்க?" மூன்றாம் நாள் பூனை போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். பூனையிடம் கேட்க முடியவில்லை.

இனி காரணத்தைச் சொல்கிறேன். கருப்பு பினாயிலில் இருப்பவை நிலக்கரித் தாரிலிருந்து வரும் ஃபீனால், கிரெசால் வகையறா. நம் உடம்புக்குள் ஃபீனால் கொஞ்சம் போனால், கல்லீரல் அதைக் குளுக்குரோனிக் அமிலத்தோடு சேர்த்துச் சிறுநீரில் வெளியேற்றும். பூனையின் கல்லீரலில் அந்த வேலையைச் செய்யும் முக்கியமான நொதி இல்லை. நமக்குக் காய்ச்சலுக்கு நல்லதான பாரசிட்டமால் பூனையைக் கொல்வதற்கும் இதே குறைதான் பெரிய காரணம். தோல் வழியாகவும் ஏறும், நக்கினால் வயிற்றுக்கும் போகும். விழித்திருக்கும் நேரத்தில் அடிக்கடி தன்னை நக்கிக்கொண்டே இருக்கும் பிராணி அது. தரையில் ஊற்றுவதை அதன் பால் தட்டில் ஊற்றுவதாகவே நினைத்துக்கொள்ளுங்கள்.

"நாங்க வெள்ளை பினாயில்தான் வாங்குறோம்" என்பவர்களுக்கு: அது பைன் எண்ணெய், அதுவும் பூனைக்கு ஆகாது. "கலர் கலரா வாசனையா வருதே, அது?" அவற்றில் பலவற்றில் பென்சால்கோனியம் குளோரைடு இருக்கும். கெட்டியாகப் பட்டால் பூனைக்கு நாக்கு புண்ணாகும். "இயற்கை, மூலிகை" என்று பச்சை இலை படம் போட்டதைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். யூகலிப்டஸ், டீ ட்ரீ எண்ணெய்களும் பூனைக்குக் கெடுதல்தான். நாய்க்குத் தாங்கும் சக்தி கொஞ்சம் அதிகம், அவ்வளவே. அதுவும் பாதத்தை நக்கும், குட்டியானால் தரையையே நக்கும். மூலையில் போடும் அந்துருண்டையை விழுங்கிய நாயின் கதையை எந்தக் கால்நடை மருத்துவரைக் கேட்டாலும் சொல்வார்.

சரி, வாடையாவது போகிறதா? போகாது. மூத்திரத்தில் உள்ள யூரியாவைப் பாக்டீரியா உடைக்கும்போது அம்மோனியா வருகிறது. யூரிக் அமில உப்பு தண்ணீரில் லேசில் கரையாமல் டைல்ஸ் இடுக்கிலும் சிமெண்ட் தரையிலும் தங்குகிறது. மழைக்கால ஈரத்தில் மறுபடி மணக்கிறது. பினாயில் அதன் மேல் ஒரு நாளைக்குப் போர்வை போர்த்துகிறது. நம் மூக்கு ஏமாறும், நாயின் மூக்கு ஏமாறாது. "இது நம்ம இடம்" என்று அதே மூலைக்குத்தான் வரும். நாம் மறுபடி பினாயில் ஊற்றுவோம். பிறகு, "இந்த நாய்க்குப் புத்தியே இல்லை, எங்காவது கொண்டுபோய் விட்டுடலாம்" என்போம். புத்தி யாருக்கு இல்லை?

அடுத்த ஆபத்து, பிளீச்சிங். மூத்திரத்தின் மேல் நேரடியாக ஊற்றினால் குளோரமின் வாயு வரும். பாத்ரூம் ஆசிட்டோடு கலந்தால் குளோரின் வாயு. 1915-ல் ஈப்பர் போர்க்களத்தில் ஜெர்மனி அவிழ்த்துவிட்ட அதே வாயு. உங்கள் வீட்டு வேலைக்கு வரும் அம்மா, கதவு சாத்திய பாத்ரூமில் குனிந்து நின்று இதைச் சுவாசிக்கிறார். கையுறை கூட இல்லாமல். அவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தெருவில் வண்டியில் வருபவரிடம் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் பினாயிலும் ஆசிட்டும் வாங்கி வைப்பதை இன்றோடு நிறுத்துங்கள். லேபிளும் இல்லை, குழந்தைக்கு அது கூல்டிரிங்க்ஸ்.

"அப்போ என்னதான் செய்யணும் டீச்சர்?" எழுதிக்கொள்ளுங்கள்.

1. ஈரமாக இருக்கும்போதே பழைய செய்தித்தாள் அல்லது பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். தேய்த்துப் பரப்பாதீர்கள். ஒரு வாளித் தண்ணீரில் பாத்திரம் துலக்கும் திரவம் சில சொட்டு விட்டுத் துடையுங்கள். பிறகு வெறும் தண்ணீரில் ஒரு தரம். ஃபேனைப் போட்டுக் காயவிட்டு அப்புறம் பிராணியை உள்ளே விடுங்கள்.

2. பழைய கறைக்கு, பிராணிப் பொருள் கடையில் கிடைக்கும் என்சைம் கிளீனர். அது வேலை செய்ய நேரம் கொடுங்கள். அதனோடு பினாயிலோ பிளீச்சோ சேர்க்காதீர்கள், என்சைம் செத்துவிடும்.

3. வினிகர் டைல்ஸுக்குச் சரி. மார்பிளிலும் கடப்பா கல்லிலும் படக்கூடாது. இரண்டும் கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் என்ன ஆகும்? பத்தாம் வகுப்புக் கேள்வி!

4. வீடு நாறுவதற்குப் பாதி நேரம் காரணம் மாப்தான். அலசி வெயிலில் காயப்போடுங்கள். படுக்கைத் துணியைத் துவையுங்கள். பூனையின் மணல் தட்டைத் தினமும் அள்ளுங்கள்.

5. ஒழுங்காக இருந்த பூனை திடீரென்று கண்ட இடத்தில் போனால், அது நோயாக இருக்கலாம். முக்கி முக்கியும் ஆண் பூனைக்குச் சிறுநீர் வரவில்லை என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் ஓடுங்கள்.

கிருமிநாசினியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாய்க்குட்டிக்குப் பார்வோ வந்த வீட்டில் பிளீச் தேவைதான். முதலில் சோப்பால் கழுவி அலசிவிட்டு, திரவ பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் முப்பது பங்கு கலந்து பத்து நிமிடம் விடுங்கள். பிராணி வேறு அறையில், ஜன்னல் திறந்து. பிறகு அலசிக் காயவிடுங்கள். நோய்க்கு மருந்து மாதிரி அளவோடு அது. தினசரிப் பழக்கம் வேறு.

தப்பித்தவறி பினாயில் காலில் பட்டுவிட்டால், நக்க விடாமல் மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

கடைசியாக, குழுவில் சிரித்த என் மருமகப்பிள்ளைக்கு. உன் பூனைக்கு நாலு நாளாக எச்சில் வடிகிறது என்று அதே குழுவில் நீதானே போன வாரம் கேட்டாய்? பினாயிலா இல்லையா, எனக்குத் தெரியாது. நாளைக் காலையில் அதை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போ, தரைக்கு என்ன போடுகிறாய் என்பதையும் சொல். அதற்கப்புறம் அத்தையைப் பார்த்து எவ்வளவு வேண்டுமானாலும் சிரி.

அந்த டிப்ஸை ஃபார்வர்டு செய்த எல்லோரும், அதே குழுக்களில் இதையும் ஒரு தரம் போட்டுவிடுங்கள்.

— உங்கள் பழைய கெமிஸ்ட்ரி டீச்சர்