சூனியக்காரி யார்?

போடி மலையடிவாரத்தில் எங்கள் பக்கம் மாடு பால் வற்றினாலும், ஏலத்தோட்டத்திற்கு மலையேறிய ஆளுக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தாலும், ‘யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்' என்று சொல்பவர் இன்றும் உண்டு. கோடாங்கியிடம் குறி கேட்பார்கள். அவர் பெயர் சொல்வதில்லை. ‘தெற்கே இருக்கிறாள், தனியாக இருக்கிறாள்' என்பார். தெற்கே தனியாக இருப்பவள் ஒரு விதவைக் கிழவி. அன்று முதல் அவள் வீட்டில் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை.

இது படிக்காதவர்களின் மடமை என்று தள்ளிவிட முடியாது. ஐரோப்பாவில் 15 முதல் 18-ஆம் நூற்றாண்டு வரை சூனியப் பழியால் 40,000 முதல் 60,000 பேர் வரை கொல்லப்பட்டனர் என்பது வரலாற்றாசிரியர் கணிப்பு. பெரும்பாலோர் பெண்கள். தீர்ப்புச் சொன்னவர்களோ படித்த நீதிபதிகள்! நாம் வகுப்பில் படிக்கும் கோள்களின் விதிகளைத் தந்த கெப்ளரின் தாய் கத்தரினாவும் தப்பவில்லை. அவர் கொடுத்த பானத்தால் நோயுற்றதாக ஊர்ப்பெண் ஒருத்தி 1615-இல் பழி சுமத்தினாள். எழுபது கடந்த அந்தத் தாய் பதினான்கு மாதம் சிறையில் கிடந்தார். மகன் முன்னின்று வாதாடியதால் 1621-இல் விடுதலையானார். வாதாட மகன் இல்லாதவர்கள் கதி என்ன?

நம் நாட்டுக்கு வருவோம். அஸ்ஸாமின் பிருபாலா ராபா பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாதவர். 1985-இல் நோயுற்ற அவர் மகன் மூன்று நாளில் இறப்பான் என்றார் நாட்டு வைத்தியர். மகன் சாகவில்லை. குறி பொய்த்ததைக் கண்ட அந்தத் தாய், சூனியக்காரி என்று விரட்டப்பட்ட பெண்களுக்காகப் போராடத் தொடங்கினார். 2015-இல் அஸ்ஸாம் சட்டமன்றம் சூனிய வேட்டைக்கு எதிராகச் சட்டம் நிறைவேற்றியது. 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சொன்னது நடந்ததா என்று பார்ப்பதுதானே விஞ்ஞானம்? அதை அவர் ஆய்வுக்கூடம் இல்லாமலே செய்தார்.

நான் செய்யவில்லை. எங்கள் தெரு அப்பத்தா ஒருவர்மேல் பழி விழுந்தபோது, பெரியவர்கள் பேச்சில் தலையிடக் கூடாதென்று வாயடைத்து நின்றேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். மருந்துச் சீட்டையும் மனுவையும் என்னிடம் நீட்டிப் படிக்கச் சொல்கிறவர்கள், நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காது கொடுத்திருப்பார்கள்.

நண்பர்களே, மாட்டுக்கு மடிநோய் இருக்கலாம்; கால்நடை மருத்துவரிடம் ஓட்டிச் செல்வோம். காய்ச்சலுக்கு இரத்தம் சோதிப்போம். அதற்கு முன், அந்தக் கிழவி வீட்டில் ஒரு செம்பு தண்ணீர் வாங்கி, ஊர் பார்க்கக் குடிப்போம்.

— இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. மாணவன்